நின்றுபோன மாடல், நிற்கக் கூடாத வேலை

திண்டுக்கல்லில் எந்த ஆட்டோ கன்சல்டிங் கடை வாசலில் போய் நின்றாலும், இன்று ஷோரூமில் கேட்டால் கிடைக்காத நாலைந்து மாடல்களாவது வரிசையில் நிற்கும். டிஸ்கவர், விக்டர், தண்டர்பேர்டு, வி15, எப்போதாவது ஒரு இன்ட்ரூடர். அதே வயதுள்ள ஸ்ப்ளெண்டரையோ ஷைனையோ விட விலை கணிசமாகக் குறைவாக இருக்கும். ஏன் என்று கேட்டால், "கம்பெனிக்காரன் மாடலையே நிறுத்திட்டான்ணே, அதான் இந்த ரேட்டு. மத்தபடி இன்ஜின் கைபடாத வண்டி" என்பார் கடைக்காரர். அவர் சொல்வதில் முதல் பாதி பெரும்பாலும் உண்மை. இரண்டாம் பாதியை மெக்கானிக்கிடம் விட்டுவிடுவோம். அந்த முதல் பாதியை வைத்து வாங்கலாமா வேண்டாமா என்று முடிவெடுப்பது எப்படி என்பதுதான் இங்கே பேச்சு.

வண்டியை வைத்துப் பிழைப்பவருக்காகவே இதை எழுதுகிறேன். இருட்டு விலகும் முன்பே ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டில் இருக்க வேண்டியவர், வேடசந்தூர் பக்கம் நூற்பாலையில் ஷிஃப்டுக்குப் போகிறவர், நிலக்கோட்டைப் பூ மார்க்கெட்டுக்கு மூட்டை கட்டிக்கொண்டு ஓடுகிறவர், நத்தம், வத்தலக்குண்டு லைனில் கடை கடையாக ஏறி இறங்கி ஆர்டர் எடுக்கிறவர், குழுக் கடன் வசூலுக்குக் கிராமம் கிராமமாகச் சுற்றுகிறவர். இவர்களுக்கு வண்டி ஒரு நாள் நின்றால் அன்றைய வருமானம் நிற்கிறது. இரண்டு நாள் நின்றால் மேலதிகாரி போன் செய்கிறார். நான்கு நாள் நின்றால் அந்த லைனை வேறு ஆளிடம் கொடுத்துவிடுகிறார்கள்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மாடல் நின்றுவிட்டது என்ற ஒரே காரணத்துக்காக நல்ல வண்டியைத் தள்ள வேண்டாம். விலை குறைவு என்ற ஒரே காரணத்துக்காகக் கையை நீட்டவும் வேண்டாம். அந்த வண்டியில் அந்த மாடலுக்கு மட்டுமே உரிய பாகங்கள் எவை, அவை திண்டுக்கல்லில் ஒரு நாளைக்குள் கைக்கு வருமா என்பதைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். அதற்கு ஒரு காலைப் பொழுது போதும்.

எப்படி நின்றது என்று கேளுங்கள்

ஒரு மாடல் எந்தக் காரணத்தால் நின்றதோ அதைப் பொறுத்துத்தான் அதன் உதிரி பாகங்களின் ஆயுள்.

2017 மார்ச் 29 அன்று உச்ச நீதிமன்றம், பி.எஸ்.3 என்ற பழைய புகை விதிப்படி செய்த வண்டிகளை ஏப்ரல் 1 முதல் விற்கக் கூடாது என்று உத்தரவிட்டது. அப்போது நாடு முழுக்க விற்காமல் கிடந்த பி.எஸ்.3 வாகனங்கள் எட்டு லட்சத்துக்கும் மேல். அவற்றில் சுமார் 6.71 லட்சம் இருசக்கர வாகனங்கள். கடைசி இரண்டு நாளில் ஷோரூம்கள் பத்தாயிரம் ரூபாயும் அதற்கு மேலும் தள்ளுபடி கொடுத்துத் தள்ளிவிட்டன. அன்று வாங்கியவர்களில் பெரும்பாலானவர்களுக்கு உதிரி பாகப் பிரச்சினை வரவில்லை. அதே மாடல் அதே இன்ஜினோடு பி.எஸ்.4 ஆகத் தொடர்ந்து விற்றதுதான் காரணம்.

2020 ஏப்ரல் 1-ல் வந்த பி.எஸ்.6 அப்படியல்ல. பெரும்பாலான பைக்குகளில் கார்புரேட்டரை எடுத்துவிட்டு ஃபியூல் இன்ஜெக்ஷன் வைக்க வேண்டியிருந்தது. செலவு கூடியது. மெதுவாக விற்கும் மாடலுக்கு அந்தச் செலவைப் போடுவானேன் என்று கம்பெனிகள் கழித்துக்கட்டின. பஜாஜ் டிஸ்கவரும் டி.வி.எஸ். விக்டரும் இந்த வாசலில்தான் நின்றன. இரண்டும் ஊர் ஊராக ஓடிய வண்டிகள். சாலையில் வண்டி இருக்கும்வரை பாகம் செய்கிறவர்களுக்கு வியாபாரம் உண்டு. ஆகவே இப்படி நின்ற மாடலை நம்பி விசாரிக்கலாம்.

இன்னொரு வகை, சந்தையில் எடுபடாமல் போனது. சுஸுகி இன்ட்ரூடர் 2017 நவம்பரில் வந்தது. பெரிய குரூஸர் போன்ற உடம்பு, உள்ளே ஜிக்ஸரின் 155 சி.சி. இன்ஜின். இது ஒரு நல்ல பாடம். இன்ஜின் பாகங்களுக்கு ஜிக்ஸர் துணை இருக்கிறது. உடம்புக்குத் துணை யாரும் இல்லை. கீழே விழுந்து முன்பக்கப் பிளாஸ்டிக் உடைந்தால் எங்கே போவது? வேலைக்கு ஓட்டுகிறவர் ஆண்டுக்கு ஒரு முறையாவது எங்காவது சாய்ப்பார்.

மூன்றாவது வகை, கம்பெனியே கடையைக் கட்டிக்கொண்டு போவது. ஹார்லி டேவிட்சன் 2020 செப்டம்பரில் ஹரியானாவின் பாவல் தொழிற்சாலையை மூடுவதாக அறிவித்தது. அடுத்த மாதமே ஹீரோ மோட்டோகார்ப் விற்பனை, சர்வீஸ், உதிரி பாகம் ஆகியவற்றைக் கையில் எடுத்துக்கொண்டதால் வாங்கியவர்களுக்கு ஒரு வழி கிடைத்தது. பல லட்ச ரூபாய் வண்டி என்பதால் இன்னொரு பெரிய கம்பெனி முன்வந்தது. நாற்பதாயிரத்துக்கு நீங்கள் வாங்கும் எல்.எம்.எல். ஃப்ரீடமுக்கோ மஹிந்திரா செஞ்சுரோவுக்கோ அப்படி ஒருவர் வருவார் என்று எதிர்பார்க்க முடியாது. பைக் தொழிலையே விட்டுவிட்ட கம்பெனியின் வண்டியை வேலைக்கு வாங்காதீர்கள். இதில் எனக்கு இரண்டாவது யோசனை இல்லை.

மூன்று குவியல்

வண்டியைப் பார்த்தவுடன் மனதுக்குள் அதைப் பிரித்துப் போடுங்கள்.

முதல் குவியலில் எண்ணையோ அளவையோ சொன்னால் கிடைக்கிற சாமான்கள். பேரிங் எந்தக் கம்பெனி வண்டியில் இருந்தாலும் 6202 என்றால் 6202தான். ஆயில் சீலுக்கு அளவு போதும். டயர், டியூப், செயின், பல்பு, பேட்டரி, ஸ்பார்க் பிளக் எல்லாம் இந்தக் கணக்கு. இவற்றில் பலவும் நம் பக்கத்திலேயே செய்யப்படுகின்றன. ரோலான் செயின் செய்யும் எல்.ஜி.பி. கோயம்புத்தூர்க் கம்பெனி. டயர் செய்யும் டி.வி.எஸ். ஸ்ரீசக்ராவின் ஆலை மதுரையை அடுத்த வெள்ளரிப்பட்டியில் இருக்கிறது. மாடல் நின்றாலும் இந்தக் குவியலுக்கு ஒன்றும் ஆகாது. ஒன்றை மட்டும் கவனியுங்கள். டயர் அளவு ஊரில் ஓடும் மற்ற வண்டிகளோடு ஒத்துப்போக வேண்டும். அபூர்வ அளவு என்றால் ஒவ்வொரு முறையும் ஆர்டர் போட்டுக் காத்திருக்க நேரும்.

இரண்டாவது குவியலில் லேத்துக்காரரும் வெல்டரும் பார்த்துக்கொள்கிற இரும்பு வேலைகள். சிலிண்டர் தேய்ந்தால் போரிங் செய்யலாம், ஸ்லீவ் இறக்கலாம். ஸ்விங் ஆர்ம் புஷ் கடையலாம். ஆக்ஸில், ஃபுட்ரெஸ்ட், சைடு ஸ்டாண்டு, ஸ்டாண்டு ஸ்பிரிங் கொக்கி எல்லாவற்றுக்கும் கைவேலை உண்டு. திண்டுக்கல் இதில் கொடுத்துவைத்த ஊர். 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற பூட்டு இங்கே பட்டறைகளில் கையால் அரம் போட்டுச் செய்யப்பட்டது. கிணற்று மோட்டாரும் ஆலை இயந்திரமும் பழுதானால் பாகத்தைக் கடைந்தே ஓட்டிப் பழகிய ஊர் இது. இரும்பில் செய்த எதற்கும் இங்கே மாற்று கிடைக்கும் என்பது பெரிய பலம். சிறிய ஊர்களில் இருப்பவர்களுக்கு இந்த வசதி இல்லை.

மூன்றாவது குவியல்தான் உங்கள் முடிவைத் தீர்மானிப்பது. லேத்தில் கடைய முடியாதவை, எண்ணைச் சொல்லி வாங்க முடியாதவை, அந்தக் கம்பெனி அந்த மாடலுக்கென்றே செய்தவை. ஹெட்லைட் டூம், சைடு பேனல், மீட்டர், லாக் செட், வயரிங் கிட், சி.டி.ஐ. யூனிட், ஃபியூல் இன்ஜெக்ஷன் வண்டியானால் ஈ.சி.யூ., த்ராட்டில் பாடி, சென்சார்கள், டேங்குக்குள் இருக்கும் ஃபியூல் பம்ப். இவற்றோடு சிலிண்டர் ஹெட்டும் கேமும். பூட்டுக்குப் பேர்போன ஊரிலும் பைக்கின் லாக் செட்டுக்குக் கம்பெனியைத்தான் பார்க்க வேண்டும்.

இந்த மூன்றாவது குவியலைச் சிறிதாக்குவது ஒன்றே ஒன்றுதான். அந்த வண்டிக்கு உறவுக்கார மாடல் ஏதாவது இன்னும் ஓடுகிறதா என்பது. ஹீரோ ஹோண்டாவின் 97.2 சி.சி. இன்ஜின் இதற்குப் பெரிய சாட்சி. 1985-ல் வந்த சி.டி.100, 1994-ல் வந்த ஸ்ப்ளெண்டர், பிறகு பேஷன், சி.டி. டான், சி.டி. டீலக்ஸ் என்று ஒரே வம்சம். ஹீரோவும் ஹோண்டாவும் 2010 டிசம்பரில் பிரிவதாக அறிவித்த பிறகும் அந்த வம்சம் அறுபடவில்லை. ஆகவே பழைய பேஷன் பிளஸ் நின்ற மாடல் என்று யாராவது விலை குறைத்தால், உடம்பைப் பார்த்துவிட்டுத் தாராளமாக வாங்கலாம். தண்டர்பேர்டு 350 கதையும் இதுதான். 2020-ல் அது நின்று மீட்டியார் வந்தது. ஆனால் தண்டர்பேர்டில் இருந்த யு.சி.இ. இன்ஜினைத்தான் பழைய கிளாசிக் 350 2021 வரையும், புல்லட் 2023 வரையும் சுமந்தன. அந்த இன்ஜினுக்குப் பாகமும் உண்டு, கைதேர்ந்த மெக்கானிக்கும் உண்டு. வேலைக்கு அந்த எடையும் அந்த மைலேஜும் கட்டுப்படியாகுமா என்பது தனிக் கேள்வி.

பெயரை நம்பிவிடாதீர்கள். பலரும் சறுக்குவது இங்கேதான். டிஸ்கவர் என்பது ஒரு வண்டியின் பெயர் என்று நினைக்கிறோம். 2004 முதல் 2020 வரை அந்த ஒரே பெயரில் 100, 110, 125, 135, 150 என்று பல இன்ஜின்கள் வந்தன. ஒரே சி.சி.யிலும் எழுத்தை மாற்றி மாற்றிப் பல வகைகள் விட்டார்கள். "டிஸ்கவருக்கு கிளட்ச் பிளேட் இருக்கா" என்று கடையில் கேட்டால் "எந்த டிஸ்கவர்" என்றுதான் பதில் வரும். அதிகம் விற்ற 125-க்கும் குறைவாக விற்ற வகைக்கும் பாகம் கிடைப்பதில் பெரிய வித்தியாசம் உண்டு. விக்டரும் இரண்டு. சுஸுகியை விட்டுப் பிரிந்த பிறகு 2001-ல் டி.வி.எஸ். சொந்தமாக உருவாக்கி விட்ட விக்டர் ஒன்று. 2016-ல் மூன்று வால்வு ஹெட்டோடு மறுபடி வந்த விக்டர் இன்னொன்று. பின்னதை வாங்குகிறீர்கள் என்றால் ஹெட், வால்வு, கேம் தொடர்பான பாகங்களைத் தனியாக விசாரியுங்கள். பேஷன் புரோவுக்கும் 2020-ல் வேறு இன்ஜின் வந்தது. 2003-ன் கரிஸ்மாவுக்கும் 2023-ல் அதே பெயரில் வந்த வண்டிக்கும் பெயரைத் தவிர எதுவும் பொதுவில்லை. பெயர் திரும்பி வந்தால் பாகம் திரும்பி வரும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

கார்புரேட்டரா, இன்ஜெக்ஷனா என்பதும் இந்தக் கணக்கில் சேரும். 2020-க்கு முன் நின்ற வண்டியில் பெரும்பாலும் கார்புரேட்டர் இருக்கும். வடமதுரையிலோ அய்யலூரிலோ நடுவழியில் நின்றாலும் பக்கத்து மெக்கானிக் திறந்து, ஜெட்டை ஊதி, ஓட்டி அனுப்பிவிடுவார். 2020-க்குப் பின் வந்து, சில ஆண்டில் நின்றுபோன மாடலில் கோளாறு என்றால் ஸ்கேனர் வேண்டும், அந்த மாடலுக்கான சென்சார் வேண்டும். வயதில் இளைய வண்டி, பராமரிக்கக் கடினமான வண்டியாகிவிடுகிறது. இரண்டில் ஒன்று என்றால், வேலைக்கு நான் பழைய கார்புரேட்டர் வண்டியைத்தான் எடுக்கச் சொல்வேன்.

அதற்கும் ஒரு செலவு உண்டு. இப்போது பங்கில் வருவது 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய வண்டிகளில் 20,000 முதல் 30,000 கிலோமீட்டர் ஓடிய பிறகு சில ரப்பர் பாகங்களையும் கேஸ்கெட்டுகளையும் மாற்ற வேண்டிவரலாம் என்று 2025-ல் பெட்ரோலிய அமைச்சகமே விளக்கம் கொடுத்தது. பெட்ரோல் டியூப், கார்புரேட்டர் கிட் இரண்டும் அந்த மாடலுக்குக் கிடைக்கின்றனவா என்பதையும் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு காலைப் பொழுது

வண்டியின் மாடல், ஆண்டு, வகை மூன்றையும் ஆர்.சி.யிலிருந்து குறித்துக்கொள்ளுங்கள். ஒரு தாளில் பத்துப் பாகங்களை எழுதுங்கள். கிளட்ச் பிளேட், கிளட்ச் கேபிள், செயின் ஸ்ப்ராக்கெட், பிரேக் ஷூ, கோன் செட், சி.டி.ஐ. யூனிட், லாக் செட், ஹெட்லைட் டூம், போர் கிட், சைடு பேனல். கம்பெனி ஸ்பேர் விற்கும் ஒரு கடை, வெளி ஸ்பேர் விற்கும் இரண்டு கடைகள் என்று ஏறி இறங்குங்கள். வாங்குவதற்குக் கேட்பது போலவே கேளுங்கள். விலையையும் எழுதுங்கள்.

பதில் நான்கு விதமாக வரும். "இருக்கு" என்று எடுத்துப் போட்டால் மதிப்பெண் முழுசு. "நாளைக்கு மதுரையில இருந்து வந்துரும் தம்பி" என்றால் பாதகமில்லை. "ஆர்டர் போடணும், அட்வான்ஸ் குடுங்க" என்றால் ஒரு வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். "அதெல்லாம் இனிமே பழைய சாமான் கடையிலதான் பாக்கணும்" என்றால் அந்தப் பாகம் போகிற அன்று வண்டியும் போனதாக எண்ணிக்கொள்ள வேண்டியதுதான். பத்தில் எட்டு, முதல் இரண்டு பதிலில் அடங்கினால் வண்டி பிழைத்தது. சி.டி.ஐ. யூனிட்டுக்கோ போர் கிட்டுக்கோ நான்காவது பதில் வந்தால் மற்ற ஒன்பதும் இருந்தாலும் நான் வாங்க மாட்டேன். சைடு பேனலுக்கு அந்தப் பதில் வந்தால் பொறுத்துக்கொள்வேன். பேனல் இல்லாமலும் ஆர்டர் எடுக்கப் போகலாம்.

அடுத்து மெக்கானிக். ஊரிலேயே பெரிய கைராசிக்காரர் யார் என்று தேட வேண்டாம். உங்கள் அன்றாட லைனில், வேலை முடித்து வரும் வழியில் இருக்கிறவரிடம் போங்கள். "அண்ணே, இந்த வண்டிய எடுக்கலாம்னு இருக்கேன். நீங்க பாப்பீங்களா?" என்று கேளுங்கள். "கொண்டாங்க பாத்துக்கலாம்" என்று உடனே சொன்னால் சரி. "அந்த வண்டியா" என்று இழுத்தால் அந்த இழுப்புக்குக் காரணம் கேளுங்கள். இந்த விஷயத்தில் அவர் தயக்கத்துக்கு யூடியூப் வீடியோக்களை விட மதிப்பு அதிகம். வண்டியை அவரிடமே கொண்டுவந்து காட்டி, பார்த்ததற்கு ஒரு தொகையும் கொடுத்துவிடுங்கள். கூலி வாங்கியவர் புரோக்கரின் முகத்துக்காகப் பேச மாட்டார்.

குறைந்த விலை எத்தனை நாள் தாங்கும்

மாதம் 18,000 ரூபாய், 26 நாள் வேலை என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாள் வருமானம் ஏறத்தாழ 700 ரூபாய். நின்ற மாடல், ஓடுகிற மாடலை விட 15,000 ரூபாய் குறைவாகக் கிடைக்கிறது. ஆக உங்கள் கையில் 21 நாள் சம்பளம் மிச்சம். மூன்று ஆண்டு ஓட்டுவதாக இருந்தால் ஆண்டுக்கு ஏழு நாள் வண்டி கூடுதலாக நின்றாலும் கைக்கடி இல்லை. பரவாயில்லையே என்று தோன்றும்.

இப்போது விற்கும் நாளை நினையுங்கள். இன்றே மாடல் நின்றதைச் சொல்லி விலை குறைக்கிறார்கள் என்றால் மூன்று ஆண்டு கழித்து இன்னும் குறைப்பார்கள். ஓடுகிற மாடலை விட 8,000 ரூபாய் அப்போது கூடுதலாக இழக்கிறீர்கள் என்றால், உண்மையான மிச்சம் 7,000. பத்து நாள் சம்பளம். ஆண்டுக்கு மூன்று நாள். ஒரே ஒரு பாகம் வெளியூரிலிருந்து வரக் காத்திருந்தாலே அந்த மூன்று நாளும் தீர்ந்துவிடும். உங்கள் சம்பளத்தை வைத்து இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள். நாள் வருமானம் எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவுக்கு இந்தத் தள்ளுபடி தேயும். இன்சென்டிவ் உள்ள வேலை என்றால் மாதக் கடைசி வாரத்தில் ஒரு நாள் நிற்பது சாதாரண நாளில் நிற்பதைப் போல இரு மடங்கு வலிக்கும்.

எவ்வளவு குறைத்தால் நியாயம் என்று கேட்பீர்கள். அதே வயது, அதே சி.சி. கொண்ட ஓடுகிற மாடலின் விலையில் கால் பங்காவது குறைய வேண்டும் என்பது என் எண்ணம். பத்துப் பாகப் பட்டியலில் அனைத்தும் கிடைத்தால் அதைவிடக் கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம்.

பேரம் பேசப் போகும் முன் புது வண்டியின் இன்றைய விலையையும் தெரிந்துகொண்டு போங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் 350 சி.சி. வரையிலான பைக்குகளுக்கு ஜி.எஸ்.டி. 28 விழுக்காட்டிலிருந்து 18 ஆகக் குறைந்தது. 80,000 ரூபாய் இருந்த ஷோரூம் விலை இந்த வரிக் குறைப்பால் மட்டும் 73,750 ஆகும். பழைய வண்டி விற்கிற சிலர் இன்னும் அந்தப் பழைய புது விலையைச் சொல்லித்தான் கணக்குக் காட்டுகிறார்கள். கடன் வாங்கி எடுப்பதாக இருந்தால், பழைய வண்டிக் கடனுக்கு வட்டி கூடுதல் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். சில சமயம் புது வண்டியின் மாதத் தவணைக்கும் பழையதன் தவணைக்கும் வித்தியாசம் சில நூறு ரூபாயாகச் சுருங்கிவிடும். அப்படி என்றால் புதிதை எடுங்கள்.

காகிதம்

தமிழ்நாட்டில் சொந்தப் பயன்பாட்டு பைக்கின் பதிவு 15 ஆண்டு செல்லும். பிறகு ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்கலாம். டெல்லியில் 15 ஆண்டு பெட்ரோல் வண்டிக்குத் தடை என்று செய்தியில் படித்துவிட்டுப் பயப்பட வேண்டாம். அது தலைநகர் வட்டாரத்துக்கானது. ஆனால் புதுப்பிக்கச் செலவு உண்டு. 2022 ஏப்ரலில் பைக் புதுப்பிப்புக் கட்டணம் 300-லிருந்து 1,000 ரூபாய் ஆனது. 2025-ல் 20 ஆண்டு தாண்டியவற்றுக்கு 2,000 ஆக்கினார்கள். பசுமை வரி தனி. வண்டி ஆய்வில் தேறவும் வேண்டும். 2011-ல் பதிவான டிஸ்கவர் என்றால் 2026-ல் இந்தச் செலவு உங்கள் தலையில் என்று எண்ணி விலை பேசுங்கள்.

பரிவாகன் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டு உரிமையாளர் வரிசை, காப்பீடு, ஃபைனான்ஸ் பாக்கி மூன்றையும் பாருங்கள். எச்.பி., அதாவது ஆர்.சி.யில் ஃபைனான்ஸ் பதிவு, இருந்தால் படிவம் 35-ம் ஃபைனான்ஸ் கம்பெனியின் என்.ஓ.சி.யும் இல்லாமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். டியூ கட்டாமல் தூக்கிய வண்டிகள் விலை குறைவாக வரும். அவற்றில் இந்தக் காகிதம்தான் முதலில் சிக்கும். புதுச்சேரி எண், கேரள எண் வண்டி மலிவு என்று யாராவது ஆசை காட்டினால், நம் மாநில வரியும் மறுபதிவும் சேர்த்து எவ்வளவு என்று கேட்டுவிட்டுப் பேசுங்கள். நின்ற மாடலுக்கு அந்த அலைச்சல் தேவையில்லை.

காப்பீட்டில் நின்ற மாடலுக்கென்றே ஒரு விதி இருக்கிறது, பலருக்கும் தெரியாது. சாதாரணமாக வண்டியின் காப்பீட்டு மதிப்பை, அதாவது ஐ.டி.வி.யை, வயதுக்கு ஏற்ற தேய்மான அட்டவணைப்படி போடுவார்கள். ஐந்து ஆண்டு தாண்டிய வண்டிக்கும், கம்பெனி உற்பத்தியை நிறுத்திவிட்ட மாடலுக்கும் அந்த அட்டவணை கிடையாது. காப்பீட்டுக் கம்பெனியும் நீங்களும் பேசி ஒத்துக்கொள்வதுதான் மதிப்பு. ஆகவே திரையில் வந்த தொகைக்கு அப்படியே பணம் கட்டிவிடாதீர்கள். சந்தை விலைக்கு ஆதாரம் காட்டிக் கேளுங்கள். வண்டி திருடுபோனால் கைக்கு வருவது அந்த எண்தான். பாகம் கிடைக்காத மாடலுக்கு மட்டும், மூன்றாம் நபர் காப்பீட்டோடு நிறுத்திக்கொண்டு மிச்சத்தைப் பழுதுக்கென்று ஒதுக்குவதே மேல் என்று நினைக்கிறேன்.

ஷோரூமில் தேங்கிய வண்டி

புது வண்டியே நின்ற மாடலாகக் கிடைப்பதும் உண்டு. ஸ்டாக் காலி செய்கிறோம் என்பார்கள். இங்கே உற்பத்தி மாதத்தையும், எந்தத் தேதிக்குள் பதிவு செய்ய வேண்டும் என்பதையும் முதலில் கேளுங்கள். 2020-ல் பி.எஸ்.4 கெடுவுக்கு முன் பல டீலர்கள் விற்காத வண்டிகளைத் தங்கள் பெயரிலேயே பதிவு செய்து வைத்துக்கொண்டார்கள். அப்படிப்பட்டதை வாங்கினால் மீட்டரில் பூஜ்யம் இருந்தாலும் ஆர்.சி.யில் நீங்கள் இரண்டாவது உரிமையாளர். வாரண்டி எந்தத் தேதியிலிருந்து எண்ணப்படும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். நீண்ட நாள் நின்ற வண்டிக்கு டயர், பேட்டரி இரண்டையும் புதிதாக மாற்றித் தரச் சொல்லுங்கள். ஓர் ஆண்டுக்கு மேல் தேங்கியது என்றால் எனக்கு அதில் விருப்பமில்லை.

ஆர்.எக்ஸ்.100 ஆசைக்கு

இதைச் சொல்லாமல் விட்டால் திண்டுக்கல்காரர்கள் விட மாட்டார்கள். எஸ்கார்ட்ஸ் 1985 முதல் 1996 வரை செய்த 98 சி.சி. இரட்டை வீச்சு யமஹா. அந்தச் சத்தத்துக்காகவே வண்டி வாங்கிய தலைமுறை ஒன்று இருக்கிறது. அந்த ஆசை எனக்கும் புரிகிறது. ஆனால் உற்பத்தி நின்று முப்பது ஆண்டாகப்போகும் அந்த வண்டிக்கு இன்று கேட்கும் விலை ஆசைக்கான விலை. வேலைக்கு அது ஒத்துவராது. பெட்ரோலோடு ஆயிலும் குடிக்கும், ஒரிஜினல் பாகம் தங்க விலை, தெருவில் நிறுத்தினால் திருட்டுப் பயம். வேலைக்கு ஒரு வண்டி இருந்து, கையில் உபரியும் இருந்தால் வாங்கி ஞாயிற்றுக்கிழமை சிறுமலை அடிவாரம் வரை ஓட்டுங்கள். அதையே திங்கட்கிழமை வசூலுக்கு எடுக்காதீர்கள்.

வாங்கிய பிறகு

முதல் மாதச் சம்பளத்திலேயே நான்கு பாகங்களை வாங்கி வீட்டில் வைத்துவிடுங்கள். சி.டி.ஐ. யூனிட், கிளட்ச் கேபிள், ஆக்ஸிலேட்டர் கேபிள், லாக் செட். பின்னால் கிடைக்காமல் போகக்கூடியவை இவை. கேபிள்களை வண்டியின் டூல் பெட்டியிலேயே போட்டுவையுங்கள். பாகம் வாங்கிய ஒவ்வொரு பில்லையும் பத்திரப்படுத்துங்கள். ஸ்பேர் கடைக்காரரிடம் போன் எண் கொடுத்து, அந்த மாடலின் பாகம் பழைய ஸ்டாக்கில் வந்தால் சொல்லச் சொல்லுங்கள். இப்படிச் சொல்லிவைத்தவருக்குத்தான் கடைசி டூம் கிடைக்கும்.

பெயர் மாற்றத்தைத் தள்ளிப்போடாதீர்கள். படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து வாங்கி, 30 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றிவிடுங்கள். காப்பீட்டு மாற்றத்துக்கு 14 நாளே கெடு. மூன்றாம் நபர் பகுதி வண்டியோடு வந்துவிடும், சொந்தச் சேதப் பகுதி நீங்கள் மாற்றினால்தான் வரும். லைன் வேலைக்கும் டெலிவரி வேலைக்கும் சேரும்போது ஆர்.சி. உங்கள் பெயரில் இருக்கிறதா என்று கேட்கிற கம்பெனிகளும் உண்டு. அன்றைக்கு ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கு ஓட வேண்டியிருக்காது.

மூன்று ஆண்டு கழித்து நீங்களே விற்கும்போதும் இதே கவனம் வேண்டும். பதிவு முடிய ஓர் ஆண்டாவது மிச்சம் இருக்கும்போதே விற்கப் பாருங்கள். வாங்கி வைத்த பாகங்களையும் பில்லோடு சேர்த்துக் கொடுத்தால், தெரிந்து வாங்குகிறவர் அதற்கென்று தனியாக விலை போடுவார். விற்றதை 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ. ஆபீஸில் பதிவு செய்யுங்கள். வண்டி எத்தனை கை மாறினாலும், ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. "பேரெல்லாம் நான் பாத்து மாத்திக்கிறேன்ணே" என்று கன்சல்டிங் கடைக்காரர் சொன்னாலும், மாற்றிய ஆர்.சி.யின் நகல் கைக்கு வரும்வரை அவரிடம் கேட்டுக்கொண்டே இருங்கள்.